கணக்குகள் துரிதமாகத் தீர்க்கப்படும்!

போன வாரம் கொல்லங்கோடு சந்தையில் என்னைக் கண்டதும் ஒரு வெற்றிலைக்காரர் கும்பிட்டு ஒதுங்கி நின்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அடேயப்பா, நமக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டதே!

"ஏனுங்க கணக்கரே, எங்க கணக்கையும் தீர்த்துப் போடுவீங்களா? ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்துடறனுங்க!" என்றார் அவர். சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

விஷயம் இதுதான். கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கு விளம்பர ஆசை வந்துவிட்டது. ஏன் வராது? கோயம்புத்தூர் ஆடிட்டர் ஒருவர் மோட்டாரில் வந்து, கடை கடையாக வழவழப்பான நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நானும் பாலக்காட்டில் ஒரு பிரஸ்ஸில் சொல்லிவைத்தேன். வாசகத்தை அவர்களே அமைத்தார்கள் — 'உங்கள் கணக்குகள் துரிதமாகத் தீர்க்கப்படும்.' கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். சந்தையெல்லாம் கொடுக்குமுன் நான் பெயரை மட்டும்தான் பார்த்தேன். மனிதன் வேறு எதைப் பார்ப்பான்?

சந்தை சிரித்தால் சிரிக்கட்டும். என் கவலையெல்லாம் மளிகைக்கடை ராவுத்தரைப் பற்றி. பொள்ளாச்சியில் இரண்டாவது கடை திறக்கிறார். இரண்டு கடைக்கும் ஒரே ஆள்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் கோயம்புத்தூர் பக்கம் சாய்ந்தால் என் பிழைப்பில் பாதி போய்விடும்.

அதிலும் அந்தக் கடையில் 'தீர்ந்தது' என்ற சொல்லே நுழையக் கூடாது. சர்க்கரை காலியானால் 'சர்க்கரை நிறைஞ்சுது' என்பார்கள். அபசகுனம் பேசினால் வியாபாரம் படுத்துவிடுமாம். நானும் வருஷக் கடைசியில் 'கணக்கு நிறைஞ்சுதுங்க' என்றுதான் சொல்வேன். யாரும் சொல்லித் தரவில்லை. போகும்போதெல்லாம் மூட்டைமேல் உட்கார்ந்து, வியாபாரத்தைக் கொஞ்ச நேரம் காதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பேரேட்டைத் தொடுவேன். அதில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

சந்தையிலிருந்து நேரே கடைக்குப் போனேன். அங்கே கோட்டும் தொப்பியுமாக அந்த ஆடிட்டர்! ராவுத்தர் கையில் என் நோட்டீஸ்!

"இது நீங்க எழுதுனதுங்களா, கணக்கரே?"

"பேரு மட்டுந்தானுங்க என்னுது. மிச்சத்தைப் படிக்காம விட்டது என் தப்புங்க, ராவுத்தரே."

ஆடிட்டருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "எங்களிடம் விட்டுவிடுங்கள், ஐயா. ஒரே வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும்!"

பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. தான் என்ன சொன்னோம் என்று ஆடிட்டருக்கு மட்டும் புரியவில்லை.

ராவுத்தர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏனுங்க சார், எங்க கணக்கரு காயிதத்துலதான் தீர்த்தாரு. நீங்க கடைக்குள்ளயே வந்து தீர்க்கறீங்களே!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "பொள்ளாச்சிக்கு எப்பப் போலாமுங்க, கணக்கரே?"

'எங்க கணக்கரு' — கேட்டீர்களா? எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. இதை எழுதும்போதும் மீசையை முறுக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். கேலி செய்பவர்கள் செய்யட்டும்! பெயரை எவன் வேண்டுமானாலும் கொட்டை எழுத்தில் அடித்துக்கொள்ளலாம். ஒரு கடைக்காரர் தன் வாயால் 'எங்க கணக்கரு' என்று சொல்வதை எந்த பிரஸ்ஸில் அச்சடிப்பது? மூட்டைமேல் போய் உட்கார்ந்தால்தான் உண்டு.

மிச்ச நோட்டீஸ்களை ராவுத்தரே வாங்கி, எழுத்து உள்பக்கமாக மடித்து, ஏலக்காய்ப் பொட்டலம் கட்டக் கொடுத்துவிட்டார். நேற்றோடு அத்தனையும் தீர்ந்து...

மன்னிக்க வேண்டும். நிறைந்துவிட்டது!