வேலூருக்குப் போன கம்பளி

வேலூரிலும் ராத்திரியானால் குளிரும் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். என் பக்கத்து நியாயம் இது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரு பஸ் கீழே இறங்கும். சாயங்காலம் அதே பஸ் மேலே ஏறும். புளி விற்க, மாட்டுக்கு மருந்து வாங்க என்று போளூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்த பஸ்ஸை விட்டால் ஸ்டாண்டில் கொசுவுக்குச் சாப்பாடாக வேண்டியதுதான் என்பதால் ஒரு தடவைகூட ராத்திரி தங்கியதில்லை. ஆக, கீழே அடிக்கிற வெயில் எனக்குத் தெரியும். கீழே வருகிற ராத்திரி தெரியாது. சூரியன் போய்விட்டால் எந்த ஊரும் குளிர்ந்துதானே ஆக வேண்டும் என்று நானாக ஒரு விஞ்ஞானத்தை உண்டாக்கி வைத்திருந்தேன்.

அந்த விஞ்ஞானத்தின்படி, மகளை வேலூர்க் கல்லூரியில் சேர்த்த அன்று வீட்டிலிருந்ததிலேயே கனமான கம்பளியை அவள் தலையில் கட்டினேன். வேண்டாம் என்றாள். விடவில்லை. விடுதி வாசலில் அதைத் தூக்க முடியாமல் அவள் சாய்ந்து சாய்ந்து உள்ளே போனதைப் பார்த்து, பெண்ணுக்குக் குளிருக்கு வழி பண்ணிவிட்டேன் என்ற பெருமையோடு மலை ஏறினேன்.

எங்கள் ஊரில் போன் பேச வேண்டுமானால் சாமைக் கொல்லைக்கு மேலே இருக்கிற பாறையில் ஏற வேண்டும். அங்கேதான் சிக்னல் கிடைக்கும், ஊரில் பாதிப் பேரும் கிடைப்பார்கள். யார் வீட்டுப் போனாக இருந்தாலும் எல்லோரும் ஒரு வார்த்தை விசாரிப்பது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி எல்லோரும் மகளிடம் சாப்பிட்டாயா, குளித்தாயா என்று கேட்டு முடித்தபின் போன் என் கைக்கு வந்தது.

"அப்பா, எல்லாம் இங்கிலீசுலயே நடத்துறாங்க. எனக்கு ஒன்னும் புரியல. நான் வூட்டுக்கு வந்துர்றேன்."

பாறை மேல் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் உண்டு. எங்கள் ஊரிலிருந்து படிக்கப் போன பிள்ளைகள் சிலர், ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார்கள். பஸ் தினமும் காலையில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் மறுபடி அதில் ஏறவில்லை. எட்டாவதில் அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். எனவே முடிவெடுத்தேன்: என்ன ஆனாலும் அவள் அந்த மலைப் பாதையில் திரும்பி ஏறக்கூடாது. நாளைக்கே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது.

என் வீட்டுக்காரி சாமை மாவில் வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "அவளக் கூட்டிக்கினு மட்டும் வந்த, ரெண்டு பேருக்கும் வூட்ல சோறு கெடையாது" என்றாள். என்னைப் பார்த்தா சொல்கிறாய் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

போகிற வழியெல்லாம் பஸ்ஸில் பேச்சைத் தயார் செய்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் தொடக்கம். போளூர் தாண்டியதும் கண்டிப்பு. வேலூர் வருவதற்குள் உருக்கமான முடிவு. பக்கத்து சீட்டுக்காரர் நான் முணுமுணுப்பதைப் பார்த்து, மந்திரவாதி என்று நினைத்தாரோ என்னவோ, வேறு சீட்டுக்குப் போனார். நல்லதாகப் போயிற்று, ஜன்னலோரம் கிடைத்தது.

விடுதி வாசலில் மகள் வந்து நின்றாள். முகம் சிறுத்துப் போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. தொடக்கம், கண்டிப்பு, உருக்கம் எல்லாம் எந்த வளைவில் விழுந்ததோ தெரியாது. என் வாய் தானாகத் திறந்து, "போய்ப் பைய எடுத்துக்கினு வா, போலாம்" என்றது.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உள்ளே போனாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வேர்த்தது. ஊரில் என்ன சொல்வது? கல்லூரிக்குக் காலவரையற்ற விடுமுறை என்று சொல்லலாம். கட்டடம் இடிந்துவிட்டது என்று சொல்லலாம். வீட்டுக்காரிக்கு இரண்டும் செல்லாது. வாட்ச்மேன் என் நிலைமையைப் பார்த்துவிட்டு நிழலுக்கு வரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் இங்கே எதற்கு வந்தேன், என்ன பேசினேன் என்று என்னையே நான் திட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வந்தாள்.

பை இல்லை. கையில் கம்பளி மட்டும்.

"இத எடுத்துக்கினு போப்பா. இங்க ராத்திரியும் வேர்க்குது. கட்டில்ல பாதி எடத்த இதுவே புடிச்சிக்கினு கெடக்குது, எங்க தூங்கறது?"

"நீ வர்லியா?"

"ரெண்டு மணிக்கு கிளாஸ் இருக்குது."

"புரியலன்னு சொன்னியே?"

"இன்னமும் புரியலதான்." என் கையிலிருந்த டப்பாவைத் திறந்து உருண்டை ஒன்றை எடுத்துக் கடித்தாள். "நீ இருன்னு சொல்லுவ, சண்ட போடலாம்னு வந்தேன். நீ வான்னு சொல்லிட்ட. போய்ப் பையத் தொறந்தா எனக்கே பிடிக்கல. நீ கெளம்பு, பஸ்ஸ விட்டுடப் போற."

உருண்டை டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்தத் தடவை நேராக நடந்து போனாள்.

வேலூர் வெயிலில் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் அன்றைக்கு நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கண்டக்டர், காய்ச்சலா என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதைவிட அது சுலபம்.

சாயங்காலம் எங்கள் ஊரில் பஸ் நின்றபோது வீட்டுக்காரி கீழே நின்றிருந்தாள். முதலில் கம்பளி இறங்கியது, அதற்குப் பின்னால் நான். கம்பளியைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. என்னை விலக்கிவிட்டுப் படிக்கட்டையே பார்த்தாள்.

வேறு யாரும் இறங்கவில்லை. மகள் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.