நித்தியகல்யாணி வாடை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் மாலைப் பேருந்தில், செம்மங்குப்பத்தில் அவர் ஏறுவார். ஒல்லியான உடம்பு, வெளுத்துப்போன நீலச் சட்டை, தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்த கைகள். எத்தனை இருக்கை காலியாகக் கிடந்தாலும் பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியேதான் வருவார்.

ஒருநாள் என் பக்கத்து இருக்கையைக் காட்டி, “உக்காருங்கண்ணே” என்றேன்.

“வேணாம் சார். எம்மேல சால்வென்ட் கெமிக்கல் வாடை ஜாஸ்தியா அடிக்கும்.”

என்ன வேலை என்று கேட்டேன்.

“நித்தியகல்யாணி எலையிலேர்ந்து மருந்து எடுக்குற கம்பெனி சார். மூட்டை மூட்டையா எலையைக் கொட்டி சால்வென்ட்ல ஊறப்போட்டு, வடிச்சு, திரும்பத் திரும்ப சுத்தம் பண்ணா ஒரு சிட்டிகை பவுடர் தேறும். பிளட் கேன்சருக்கு அதுலதான் ஊசி. எம் பொண்ணுக்கும் அதத்தான் போட்டாங்க.”

“இப்ப எப்படி இருக்கா?”

அவர் வெளியே பார்த்தார்.

“ஊசி போட்டா எந்த வாடையும் அவளுக்கு ஆவாது, வாந்தி எடுத்துடுவா. அதனால வேலை முடிஞ்சு போனா வார்டு வாசல்லயே நின்னுக்குவேன். கடைசி அன்னிக்கு ‘கிட்ட வாப்பா’ன்னு அவளே கூப்புட்டா. கை கழுவிட்டு வரேம்மான்னு போனேன். ரெண்டு தடவ சோப்பு போட்டுட்டு வந்து பாக்குறேன், நர்சம்மா போர்வைய அவ மூஞ்சிக்கு மேல இழுத்துக்கிட்டு இருந்தாங்க.”

சிதம்பரத்தில் இறங்கும்போது கூட்டம் அவரை என்மேல் தள்ளியது. “ஐயோ, சாரி சார்” என்று பதறி விலகினார்.

அவர்மேல் எந்த வாடையும் இல்லை. வெறும் சோப்பு வாசனைதான் அடித்தது.