கப்பல்காரர் சாப்பிட வந்த வெள்ளிக்கிழமை

ஆட்டுக்கறி பட்டையோடும் சோம்போடும் கொதிக்கும் வாசனை வந்தால் ஊரில் எல்லோருக்கும் பசி எடுக்கும். எனக்கு மட்டும் உள்ளங்கை வியர்க்கும். இன்றும் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி நடக்கும்போது, பரீட்சைக்குப் படிக்காமல் போகிறவளைப் போல தெருவின் மறுபக்கம் ஒதுங்கிவிடுகிறேன். என் கணவர் இதை ஒரு வியாதி என்கிறார். இல்லை, இது ஒரு வெள்ளிக்கிழமை.

எனக்கு அப்போது பதினோரு வயது. கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். கப்பல் வந்து கட்டியதும் ஏணியில் தொற்றி ஏறி, சமையல்காரரிடம் பட்டியல் வாங்கி, அரிசி, வெங்காயம், கோழி, சோப்பு என்று கேட்டதையெல்லாம் பாசாரில் கடை கடையாய்ப் பொறுக்கி எடுத்து லோரியில் கொண்டுபோய் இறக்குவார். அப்படி அவர் சோறு போட்ட கப்பல்களில் முக்கியமானவை ஐந்து. ஐந்தும் மனோலி என்ற கிரேக்க முதலாளிக்குச் சொந்தம்.

சிறு வயதில் ஏதோ ஒரு தீவிலிருந்து, கப்பல் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலைக்குக் கிளம்பிய மனோலி, பிறகு கப்பல்களையே வாங்கிப் போட்டவர் என்று மாலுமிகள் சொல்வார்கள். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் தன் வீட்டுப் பெண்களில் ஒருத்தி பெயரை வைத்தார். தாய் அன்னா, அக்கா சோபியா, மனைவி கலியோப்பி, மகள்கள் கத்தரீனா, எலேனா. ஒரே மகனுக்குக் கப்பல் கிடையாது. கப்பலுக்கு ஆண் பெயர் வைத்தால் விளங்காது என்பது மனோலியின் கட்சி. அந்த மகனுக்கு அந்த வருத்தம் இருந்ததோ இல்லையோ, அவன் சார்பில் நான் நிறைய வருத்தப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பெண்கள் ஐவரும் சொந்தக்காரர்களாகவே புழங்கினார்கள். சட்டையில் டீசலும் வெங்காயமும் மணக்க அப்பா உள்ளே நுழைந்து, "ரோசி, எலேனா வந்திருக்கா லா" என்பார். அம்மா உடனே, "பாவம், சின்னவ. வெங்காயம் நல்லதா பாத்துப் பொறுக்கிக் குடுங்க" என்பாள். அந்தச் சின்னவள் எங்கள் தெரு நீளம் இருப்பாள், இரும்பில். கலியோப்பி உருளைக்கிழங்கு அதிகம் கேட்பாள். சோபியாவின் சமையல்காரன் தக்காளியை அமுக்கிப் பார்ப்பான். நான் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்துக்கு ஒரு கப்பலாகப் படம் வரைந்து, பள்ளிக்கூடத்தில் "எங்க பெரியப்பா கப்பலு" என்று காட்டி வந்தேன். பெரியப்பா ஏன் கிரேக்கர் என்று ஒருத்தி கேட்டாள். வெயில் படாமல் வளர்ந்தவர் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நாள் அப்பா முகம் வாடி வந்தார். நிஜமான எலேனா, அவள் பெயர் கொண்ட கப்பலின் இஞ்சினியர் ஒருவரையே தன் தகப்பனைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாளாம். மனோலி கப்பலில் இருந்த அவள் பெயரின் மேல் வண்ணம் அடித்து மறைத்து, வெறுமனே 'ஐந்து' என்று எழுதச் சொல்லிவிட்டாராம். ஆனால் கப்பலின் பெயர் இரும்பிலேயே பற்றவைக்கப்பட்டது. வண்ணத்துக்கு அடியில் எலேனா புடைத்துக்கொண்டுதான் நின்றாள். அப்பா ஒரு முறை லோரியில் என்னை அழைத்துப் போனபோது நானே பார்த்தேன்.

அதே சமயத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. மனோலியின் மகன், ஐந்து கப்பல்களுக்கும் சாமான் வாங்குவதைச் சிங்கப்பூரில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மாற்றச் சொல்கிறானாம். அப்பாவின் தவுக்கே, அதாவது சீன முதலாளி, சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "அந்தோணி, அந்தக் கப்பலு போச்சின்னா நீயும் வீட்டுக்குப் போ லா." முடிவெடுக்க மனோலி மனைவியோடும் மகனோடும் நேரில் வந்தார். கப்பலில் அவரைப் பார்த்த அப்பா, நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் காரியத்தைச் செய்தார். "ஒரு நாளைக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க சார்" என்றார். நம் ஊரில் இதற்கு யாரும் வந்துவிடுவதில்லை. "சரி சரி, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. கிரேக்கருக்கு இது தெரியாது. "வெள்ளிக்கிழமை வருகிறோம்" என்றார். கூடவே, "நீங்களும் கிறிஸ்தவர்தானே, உங்கள் வீட்டில் என்றால் எனக்குக் கவலை இல்லை" என்றாராம்.

அப்பாவுக்கும் கவலை இல்லை. அக்கம்பக்கத்து இந்துக்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை சைவம். எங்களுக்குத் தவக்காலம் முடிந்து, அந்த ஞாயிறுதான் ஈஸ்டரும் முடிந்திருந்தது. அந்த ஈஸ்டருக்குக் கோயிலில் பிள்ளைகளுக்குக் கொடுத்த அவித்த முட்டைகளில், என் பங்கோடு கேட்க ஆளில்லாத பதினோரு பங்கையும் நான் உள்ளே தள்ளியிருந்தேன். அதனால் வயிறு கெட்டு, பள்ளிக்கூடம் போக முடியாமல், எண்ணெய் படாத பருப்புத் தண்ணியும் எலுமிச்சையுமாக அந்த வாரம் முழுவதும் வீட்டில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அடுப்பு அணையவில்லை. ஆட்டுக்கறி, கோழிப் பொரியல், முட்டைச் சம்பல், நெய்ச்சோறு. அப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசலுக்குப் போய் வந்தார். "நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று அம்மா என்னிடம் நான்கு முறை சொன்னாள். கார் வந்து நின்றது. மனோலி குட்டையாக, முரட்டுக் கைகளோடு, எங்கள் தவுக்கேயின் அண்ணன் போல இருந்தார். கலியோப்பி அம்மாள் கறுப்பு உடையில் இருந்தார். மகன் மட்டும் எங்கள் சோபாவைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தான்.

மேசையில் அம்மா மூடிகளைத் திறந்தாள். ஆவி எழுந்தது. கலியோப்பி அம்மாள் கறியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், பிறகு கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார், வலத்திலிருந்து இடமாக. அம்மா பதறிப் பின்வாங்கி வந்து என் காதில், "என்னாடி தலகீழா போடுறாங்க?" என்றாள். யாரும் தட்டைத் தொடவில்லை.

மனோலி மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "இன்று ஆண்டவர் சிலுவையில் இறந்த நாள்."

அப்பா அவசரமாகக் குறுக்கிட்டார். துக்கம் சொல்ல வந்தவரைத் தேற்றுவது போல, "இல்ல சார், அவரு ஞாயித்துக்கெழமையே உயிர்த்திட்டாரே" என்றார்.

மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. "நம் காலண்டர் வேறு, இவர்கள் காலண்டர் வேறு அப்பா. பெரிய வெள்ளியன்று ஆட்டை வெட்டி வைத்திருக்கிறார்கள். இவர்களிடம்தான் இன்னும் சாமான் வாங்கப் போகிறீர்களா?" என்றான். அவர்களுக்கு அன்று கறி, முட்டை, நெய் மட்டுமல்ல, எண்ணெய் கூட ஆகாது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா நெய்ச்சோற்றைத் தன் முந்தானையால் மறைக்கப் பார்த்தாள். அப்பாவின் முகத்தில் நான் பார்த்தது வெட்கம் இல்லை. மறுநாளிலிருந்து லோரி ஓட்டாத ஒரு ஆளின் முகம்.

கலியோப்பி அம்மாளின் பார்வை அடுக்களை வாசலில் நின்ற என் மேல் விழுந்தது. என் கையில் கிண்ணம். "என்ன அது?" என்றார். வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு இருந்ததால் கிண்ணத்தை நீட்டினேன். அவர் முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். கணவரிடம் கிரேக்க மொழியில் ஏதோ சொன்னார். அவர்கள் தீவில் அன்றைய தினம் எண்ணெய் இல்லாத பருப்பில் புளிப்புக் காடி ஊற்றித்தான் குடிப்பார்களாம். என் தண்டனைச் சாப்பாட்டை மூவருக்கும் பிரித்து ஊற்றினாள் அம்மா. மகனும் குடித்தான், தன் தாயின் பார்வைக்குப் பயந்து.

இந்த இடத்தில் நான் அமைதியாக இருந்திருக்கலாம். ஆனால் விருந்தைக் காப்பாற்றிய கதாநாயகிக்கு அடக்கம் எங்கிருந்து வரும்? என் நோட்டை எடுத்து வந்து மனோலி முன் விரித்தேன். அன்னா, சோபியா, கலியோப்பி என்று அவர் புன்னகையோடு புரட்டினார். கத்தரீனாவின் பக்கத்தில் சத்தமாகச் சிரித்தார். புகைபோக்கிக்கு நான் பொட்டு வைத்திருந்தேன். அடுத்த பக்கம் எலேனா. வண்ணத்தை மீறிப் புடைத்த எழுத்துகளோடு, நான் பார்த்தபடியே வரைந்திருந்தேன். கீழே, "இவளுக்கு நல்ல வெங்காயம் குடுக்கணும்" என்று அம்மா சொன்னதையும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.

கலியோப்பி அம்மாள் அந்தப் பெயரின் மேல் விரல் வைத்தார். எடுக்கவில்லை. மனோலி அந்த விரலைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடினார், எழுந்தார், அப்பாவின் கையைக் கூடக் குலுக்காமல் காரில் ஏறிப் போனார்.

"வாயத் தொறக்கலன்னாலும் நோட்டத் தொறந்துட்டியே, சண்டாளி" என்றாள் அம்மா. அப்பா மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாத்திரங்களை மூடினார். அந்தக் கறியை மூன்று நாள் சுடவைத்துச் சாப்பிட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். பிறகு வாரக்கணக்கில் ஐந்தில் ஒரு கப்பலும் வரவில்லை. அப்பா தினமும் வெறும் லோரியோடு துறைமுகத்துக்குப் போய், அதே வெறும் லோரியோடு திரும்பினார். நான் என் நோட்டைக் கிழிக்கப் போனேன். எலேனா பக்கத்தில் கை நின்றுவிட்டது.

ஒரு மத்தியானம் லோரி வழக்கத்துக்கு மாறான வேகத்தில் வந்து நின்றது. அப்பா செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். கூடத்தில் நின்று, "ரோசி, எலேனா வந்திருக்கா" என்றார்.

"ஐந்தாவது கப்பலா?" என்று கேட்டேன்.

"அஞ்சு இல்ல. எலேனா. புது வெள்ளப் பெயின்டுல, பேரு பளபளன்னு. வெங்காயம் கேக்குறா."

அம்மா கூடையை எடுத்தாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொறுங்க, நானும் பாசாருக்கு வரேன். உங்களுக்குப் பொறுக்கத் தெரியாது" என்று கிளம்பினாள்.

அதற்குப் பிறகு அப்பா பல வருடம் அந்த ஐவருக்கும் சோறு போட்டார். மனோலி காலமானதும் மகன் எல்லாவற்றையும் விற்றான். பழைய இரும்புக்குத்தான் என்று கேள்வி. இப்போதெல்லாம் கப்பல்கள் வந்த வேகத்தில் திரும்பிவிடுகின்றன. சமையல்காரரின் பட்டியலை யாரோ கணினியில் அனுப்ப, யாரோ கட்டி வைக்கிறார்கள். ஏணியில் ஏறிப்போய் விசாரிக்க ஆள் இல்லை. துறைமுக வாசலில் என் போன்றவர்களை உள்ளே விடவும் மாட்டார்கள். நோட்டு ஒரு வீடு மாற்றலில் தொலைந்துபோனது. நான் மட்டும், யாரையாவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால், முதலில் அவர்கள் காலண்டரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஒரு செயலியை அப்பாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கிள்ளான் துறைமுகத்தைத் துழாவுவார். அடுக்களையிலிருந்து அம்மா கேட்பாள்:

"யாராச்சும் வந்திருக்காளா?"

"எவளும் இல்ல. எல்லாம் நம்பரு."

"நம்பருக்கெல்லாம் யாரு வெங்காயம் பொறுக்குறது?" என்பாள் அம்மா, கையிலிருக்கும் வெங்காயத்தை ஒரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு.