பசுமைக் கட்டடத்தில் குழந்தை அறை

கட்டட வேலையில் கல்லும் மண்ணும் ஒரு சுமை இல்லைங்க, கைப்பிள்ளையை எங்கே உட்கார வைக்கிறதுங்கறதுதான் சுமை. பிள்ளையோட வேலைக்குப் போறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விருத்தாசலத்துல ஜங்ஷன் பக்கம் பெரிய கடைக்கட்டடம் ஒண்ணு எழும்புது. பசுமைக் கட்டடமாம். அங்கே குப்பை பிரிக்கிறது என் வேலை. என் மக யாழினிக்கு ரெண்டு வயசு, வூட்டுல பார்த்துக்க ஆளில்லை.

பீங்கான் குவியல்

எங்க ஊர்ப் பீங்கான் சூளைகள்ல உடைஞ்சுபோனதை வீணாக்காம நொறுக்கி, தரைக்கு அடியில போடுவாங்க. மொத வாரமே யாழினி பளபளன்னு இருந்த ஒரு துண்டை வாயில வச்சு உதட்டைக் கிழிச்சுக்கிட்டா. ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டு, பிள்ளைக்கு ஒரு நிழலான எடம் கேக்கலாம்னு எஞ்சினியர்கிட்ட போய் நின்னேன். கூட வேலை பாக்குற அஞ்சலை அக்காதான் எனக்காகக் கேட்டாங்க. அவர் போனைப் பாத்துக்கிட்டே சொன்னார்: "பசுமைச் சான்றிதழுக்குக் குழந்தை அறை கண்டிப்பா வேணும்மா, ஆய்வுக்கு ஆள் வர்றதுக்குள்ள போட்டுடுவோம்."

மூணு டிரம்மு

இரும்பு ஒண்ணுல, பிளாஸ்டிக் ஒண்ணுல, சிமெண்டு காகிதம் ஒண்ணுல. யாழினியை முந்தானையால கம்பியில கட்டிட்டு நாள் பூரா பிரிப்பேன். சாயங்காலம் டிராக்டர் வந்து மூணையும் ஒரே பெட்டியில கவுத்துக்கிட்டுப் போவும். ஒருநாள் மட்டும் ஓடிப்போய், "அண்ணே, பிரிச்சு வச்சிருக்கேன்"னேன். டிரைவர் சிரிக்கக்கூட இல்லை. "பிரிக்கிறது ஒன் வேலை, சேக்குறது என் வேலை, விடு தங்கச்சி."

ஆய்வு

ஆய்வுக்கு முந்தின நாள் தகர ஷெட்டு வந்துச்சு. பாய், ஃபேன், ரெண்டு பொம்மை. யாழினி கால் நீட்டி அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. ஆய்வுக்கு வந்த மேடம் என் பக்கம் குனிஞ்சு, "பாப்பா தினமும் இங்கதான் இருக்குதா?"ன்னு கேட்டாங்க. சூப்பர்வைசர் என்னையே பார்த்தார். இல்லைன்னு சொன்னா வேலை போயிடும். ஆமான்னு சொன்னா ஷெட்டு நிலைச்சிடும்னு ஒரு நப்பாசை. ஆமான்னு தலையாட்டிட்டேன். அவங்க எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

மறுநாள் ஷெட்டு நிறைய சிமெண்டு மூட்டை. ஃபேன் ஆபீஸ் ரூமுல ஓடுது. யாழினி வெயில்ல. அஞ்சலை அக்கா என்னைத் திட்டலை, மெதுவாத்தான் சொன்னாங்க: "இல்லைன்னு சொல்லியிருந்தா, அவங்க திரும்பிப் பாக்க வர்ற வரைக்குமாவது ஷெட்டு இருந்திருக்கும்டி."

எங்க கட்டடத்துல பிள்ளைங்களுக்கு எல்லா வசதியும் இருக்குதுன்னு சான்றிதழ் வந்துடுச்சுங்க, அதுக்குச் சாட்சி நான்தான்.