பழைய கிணறு இல்லை என்றேன்

நம்பினால் நம்புங்கள். இது பட்டப்பகலில், நெப்ராஸ்காவில், என் சொந்தப் பண்ணையில் நடந்தது. பகலில் பேயா என்று சிரிப்பவர்களில் நானும் ஒருவன். அன்று வரை.

1988 ஆகஸ்ட். மழையே இல்லை. வீட்டுக் கிணறு வற்றி ஒன்பது நாள். நான்கு வயது மகள் மேவிஸைக் குளிப்பாட்டக்கூடத் தண்ணீர் இல்லை. ஆழ்துளைக் கிணறு போட, லைசென்ஸ் உள்ள ஆர்வில் குவேட் என்பவரை அழைத்தேன்.

இயந்திரத்தை இறக்கும் முன் அவர் கேட்டார்.

“வேற பழைய கிணறு ஏதாச்சும் இருக்கா? இருந்தா அதை மூடிட்டுத்தான் இதைத் தொடுவேன். இல்லேன்னா என் லைசென்ஸ் காலி.”

“அப்படி ஒண்ணும் இல்லீங்க.”

வாய் கூசாமல் பொய் சொன்னேன். கோழிக் கொட்டகைக்குள் பலகை போட்டு மறைத்த பழைய கிணறு ஒன்று இருந்தது. அதை மூடுவதென்றால் இன்னும் இரண்டு வாரம் ஆகும். அவ்வளவு நாள் எங்களால் தாங்க முடியாது.

11.40. துளை போட ஆரம்பித்தார். நாற்பதாவது அடியில் திடீரென்று இயந்திரத்தை நிறுத்தினார்.

டொக்... டொக்... டொக்...

சத்தம் மட்டும் நிற்கவில்லை. கொட்டகையிலிருந்து வந்தது.

ஓடினேன். பலகை விலகிக் கிடந்தது. மேவிஸ் கிணற்று விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வாரி எடுத்தேன்.

“இங்க என்னடி பண்றே?”

“நீதானேப்பா கீழேருந்து கூப்பிட்டே... வெளிச்சம் காட்டுன்னு?”

அவளோடு விளிம்பிலிருந்து பின்வாங்கினேன்.

பின்னாலேயே வந்த ஆர்வில் முறைத்தார். “ஒண்ணும் இல்லேன்னு சொன்னியேய்யா!”

கிணற்று வேலைக்காரர்கள் வழக்கப்படி சின்னக் கண்ணாடியை எடுத்து, வாசல் வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தார்.

அடி தெரிந்தது. வெறும் மண். யாரும் இல்லை.

12.10.

கீழேயிருந்து வெளிச்சம் திரும்பி வந்தது.

மேவிஸின் முகத்தில் விழுந்தது.

நகர்ந்தேன். கூடவே நகர்ந்தது.

ஆர்வில் கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

வெளிச்சம் போகவில்லை...

மறுநாள் கிணற்றை மூட வந்தார். பலகையை எடுத்தோம். குழியே இல்லை. விளிம்பு வரை இறுகிய களிமண்.

பக்கத்துப் பண்ணை ஹாலிஸ்தான் விஷயத்தைச் சொன்னார். 1934இல் அந்தக் கிணற்றில் மண் சரிந்து, அதை வெட்டியவர் உள்ளே மாட்டிக்கொண்டாராம். மேலே நின்று கண்ணாடியால் வெளிச்சம் காட்டியது அவருடைய சின்ன மகள். ஆறு நாள் அவளைக் கூப்பிட்டாராம். மீட்க இறங்கிய இரண்டு பேரும் செத்ததும், ஏழாம் நாள் களிமண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். கொட்டியவர்களில் ஹாலிஸின் அப்பாவும் ஒருவர்.

“அதுக்குள்ள செத்துட்டாரா?” என்று கேட்டேன்.

“இல்ல,” என்றார் ஹாலிஸ். “மூடுறப்பவும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாராம்.”