ஜிம்மும் ஒரு வெள்ளைத் துணியும்

எங்கள் ஜிம்மில் முதலில் இருந்த எடைகள் பெயின்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றிச் செய்தவை. செய்தவர் என் வீட்டுக்காரர். ஊற்றிய இடம் என் துவைகல். அதில் இன்றும் வட்டம் வட்டமாகத் தடம் இருக்கிறது. எனக்குக் கோபமும் அப்படியே இருக்கிறது.

சிவகாசிப் பக்கம் ஒரு கம்பி மத்தாப்புக் கம்பெனியில் இருவருக்கும் வேலை. கம்பி செருகிய பலகையை அவர் மருந்தில் முக்கி எடுப்பார். காய்ந்ததை நான் பெட்டியில் அடைப்பேன். அலுமினியப் பொடி எங்கள் உடம்பில் குடியேறி வருஷக்கணக்காகிறது. சோப்புக்கெல்லாம் பெப்பே காட்டிவிடும். வேர்த்தால் மறுபடி மினுங்கும்.

வேலை விட்டதும் அவர் உடம்பை வளர்க்கக் கிளம்பிவிடுவார். கூட நாலைந்து பேர். இடம், அச்சாபீஸ் முதலாளி ஒருவரின் காலி ஷெட். ஒருநாள் அந்த முதலாளி வந்து, சீசன் தொடங்குகிறது, பேப்பர் பண்டல் அடுக்க ஷெட் வேண்டும் என்றார். இவர் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினார்.

"விருதுநகர்ல ஆணழகன் போட்டி வருதுல்ல? அதுல ஜெயிச்சுட்டு வாங்க, ஷெட்டு உங்களுக்குத்தான். இல்லேன்னா டப்பாவெல்லாம் தூக்கிருங்க" என்றார் முதலாளி சிரித்துக்கொண்டே. அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

போட்டிக்கு முதல்நாள் வரை ஓவர்டைம் பார்த்துவிட்டு, அவித்த முட்டைகளோடு இருவரும் பஸ் ஏறினோம். மேடைக்குப் பின்னால் ஒருவர் வெள்ளைத் துணியோடு நின்றார். மினுக்குப் பூசி யாரும் மேடை ஏறக்கூடாது என்று விதி. அந்த ஆள் இவர் தோளைத் துடைத்துப் பார்த்தார். துணி பளபளத்தது.

"சில்வர் பூசிட்டு வந்திருக்கீக. கிளம்புங்க."

"பூசலைங்க. வேலை அப்படி."

"எல்லாரும் இதத்தான் சொல்றாக."

வெளியே இருந்த குழாயடிக்கு அவரை இழுத்துப்போய்த் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்தது. திரும்பி வருவதற்குள் அந்த வெக்கையில் மறுபடி வேர்த்துவிட்டார். துணி மறுபடியும் பளபளத்தது. மைக்கில் இவர் பிரிவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் சட்டையை எடுத்தார். ஷெட் போச்சு என்று முகத்தில் எழுதியிருந்தது.

எனக்கு வந்ததே ஆத்திரம்! துணியை வெடுக்கென்று பிடுங்கி என் கழுத்தை அழுத்தித் துடைத்தேன். விரித்துக் காட்டினேன். அவர் தோளைவிட என் கழுத்துத்தான் அதிகம் மினுங்கியது.

"அப்போ நானும் போட்டிக்கா வந்திருக்கேன்? சொல்லுங்க!"

வரிசையில் நின்ற பயில்வான்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த மனிதர் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போங்கண்ணே, மேடை ஏறுங்க" என்றார்.

ஏறினார். விளக்கு வெளிச்சத்தில் அவர் முதுகை விரித்தபோது, இது என் வீட்டு ஆள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதல் பரிசுக்கு அவரைக் கூப்பிட்டதும் நான் போட்ட சத்தத்தில் முன்வரிசை மொத்தமும் திரும்பியது. திரும்பட்டுமே! அம்புட்டு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. மறுநாள் முதலாளியே சாவியோடு வந்தார்.

இப்போது அந்த ஷெட்டில் எல்லாம் இரும்பு எடைகள். சுவர் முழுக்கக் கண்ணாடி. சாத்தூரிலிருந்துகூட ஆள் வருகிறது. கண்ணாடியில் விழும் வெள்ளிக் கைத்தடங்களைத் தினமும் துடைப்பது அவர்தான். என் துவைகல்லுக்கு அது பரிகாரம்.

போன மாதம் எங்கள் ஜிம் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி விருதுநகர் போனோம். அதே மனிதர், தலை நரைத்து, கையில் துணியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வாங்கக்கா. உங்க ஜிம் ஆளுகதானே? தொடைக்க வேணாம், மேல போகச் சொல்லுங்க."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அன்று அதற்காகவே கழுத்தைத் தேய்க்காமல் போயிருந்தேன்.