நாத்தனாருக்கு வாங்கிய முட்டிக் காப்பு

வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டிகளுக்குக் காவலாள் அனுப்பும் கம்பெனி அது. அங்கே அவளை எல்லோரும் கட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம், கொஞ்சம் பருமன். அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ரகமில்லை. பல வருஷமாக வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்தக் கம்பெனியில் மரியாதை என்பது துப்பாக்கியோடு வண்டியில் ஏறுகிறவர்களுக்குத்தான். பெண்களுக்கும் துப்பாக்கிப் பயிற்சி உண்டு என்று அறிவித்த அன்று முதலில் கை தூக்கியவள் கட்டை.

அடுத்து உயர்ந்த கை அவளுடைய நாத்தனாருடையது. புருஷனின் ஒரே தங்கை. கட்டை சிபாரிசு செய்து, போன வருஷம்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வளர்ந்த பெண், கால் இரண்டும் கம்பு மாதிரி. வந்த கொஞ்ச நாளிலேயே நெட்டை என்று பேர் விழுந்துவிட்டது.

பயிற்சி ஊருக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் நடந்தது. தரை முழுக்கச் சரளைக்கல். நின்று சுடுவதில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மண்டியிட்டுச் சுடும்போதுதான் வந்தது வினை. நெட்டை ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால் நட்ட கல் மாதிரி அசையாமல் இருப்பாள். குறி அட்டையில் அவள் சுட்ட ஓட்டைகளெல்லாம் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பயிற்சியாளர் அந்த அட்டையைக் கழற்றி எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்துக்கங்க. இதுதான் சுடறது."

கட்டையின் அட்டையை அவர் யாருக்கும் காட்டவில்லை. அவளே கழற்றி நாலாக மடித்துக்கொண்டாள். நான் கூட்டிக்கொண்டு வந்தவள், என்னைத் தாண்டிப் போகிறாளே!

அன்று மாலை நெட்டை அண்ணன் வீட்டுக்கு வந்து, சிராய்த்த முழங்காலைக் காட்டினாள். அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிறவர். நாள் முழுக்க மண்டி போட்டே பிழைக்கிறவருக்கு முழங்கால் வலி தெரியாதா? மறுநாள் வேலையைப் பாதியில் விட்டுக் கடைக்குப் போய், தங்கைக்குப் புதுசாக ஒரு ஜோடி முட்டிக் காப்பு வாங்கி வந்தார். உள்ளே மெத்தென்ற பஞ்சு, வெளியே வழுக்காத ரப்பர். அவரே குனிந்து அவள் காலில் கட்டி, பட்டையை இழுத்துப் பார்த்து, "இறுக்குதாம்மா? நடந்து பாரு" என்றார்.

அடுப்படியிலிருந்து கட்டை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு?"

"உனக்கென்ன, என்னோட பழசு இருக்கே. நல்லா உழைக்கும். எடுத்துக்க."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? நான் சதை இல்லையே, சம்சாரம்தானே. அன்று அடுப்படியில் பாத்திரங்கள்தான் சத்தம் போட்டன.

அவருடைய பழைய காப்பு கெட்டியான பிளாஸ்டிக் மூடி போட்டது. வழவழவென்ற தரைக்கு அது சரி. சரளைக்கல்லில் ஊன்றினால் கிண்ணம் மாதிரி ஆடியது. அதோடு, அவர் இடது காலில் பாரம் போட்டு வேலை செய்கிறவர். அதனால் இடது காப்பின் பஞ்சு அப்பளமாகத் தேய்ந்திருந்தது. கட்டையோ இடது கைக்காரி, சுடும்போது அவள் ஊன்றுவதும் இடது முழங்கால்தான். பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், இந்தக் காப்பு சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேர்வு நாளன்று உடை மாற்றும் அறையில் இரண்டு பேருடைய பைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நெட்டை கை கழுவப் போயிருந்தாள். கட்டை சுற்றிலும் பார்த்தாள். புதுக் காப்பை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள், பழசை அங்கே வைத்தாள். எடுத்ததைத் திரும்ப வைக்கத் தோன்றவில்லை.

கட்டும்போதே தெரிந்தது. கம்புக் காலுக்கு வாங்கியது கட்டைக் காலுக்கு எட்டுமா? மூச்சைப் பிடித்து இழுத்து, வெல்க்ரோவின் நுனியை மட்டும் ஒட்டவைத்தாள். தளத்தில் போய் மண்டியிட்டாள். 'டர்'ரென்று பட்டை பிய்ந்தது. காப்பு கணுக்காலுக்கு இறங்க, வெறும் முழங்கால் சரளையில் இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. அதற்கப்புறம் சுட்டது எதுவும் அட்டையில் படவில்லை.

நெட்டை வலது கைக்காரி. பழைய ஜோடியில் தேயாமல் இருந்தது வலதுதான். மூடி கொஞ்சம் ஆடியிருக்கும், ஆனால் அவள் ஆடவில்லை. அன்றும் அவளே முதல்.

"காப்பு எப்படி மாறுச்சு?" என்று பயிற்சியாளர் புருவத்தைத் தூக்கினார்.

நெட்டை முந்திக்கொண்டாள். "நான்தான் சார் அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன். அண்ணி மேல தப்பில்ல. அவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்தப் பெருந்தன்மையைத்தான் கட்டையால் விழுங்க முடியவில்லை. சுடுவதிலும் ஜெயித்து, குணத்திலும் ஜெயித்தால் மிச்சத்துக்கு எனக்கு என்னதான் இருக்கிறது?

வீங்கிய முழங்காலோடு வந்தவளைப் பார்த்துப் புருஷன் பதறிப் போனார்.

"புதுசுதான் வேணும்னு கேட்டிருந்தா உனக்கும் வாங்கித் தந்திருப்பேனே."

"அவ கேட்டாளா?"

அவர் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தார். நாளைக்கே கடைக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீக்கம் கொஞ்சம் குறைந்ததும் தனியாகவே போனாள்.

தலைக்கவசம், கையுறை, பூட்ஸ் விற்கிற கடை. கடைக்காரம்மா அடுக்கடுக்காக எடுத்துப் போட்டாள். கட்டை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வாசலில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் மண்டியிட்டாள். கடையின் தரை துடைக்கும் மாப்பைத் துப்பாக்கியாகத் தோளில் வைத்துக் குறி பார்த்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி இரண்டு கையையும் மேலே தூக்கினார். கடைக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கட்டைக்கும் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

தடிமனான பஞ்சு வைத்ததில் முழங்கால் மிதந்தது, குறி நிற்கவில்லை. மூடி போட்டவை எல்லாம் ஆடின. கடைசியில் ஒன்று அமைந்தது. தட்டையான ரப்பர், முட்டிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு அகலப் பட்டைகள். ஊன்றினால் கல்லின் கூர் தெரியவில்லை. அதே சமயம் தரை முட்டிக்கு அடியில் இருப்பது தெரிந்தது.

வீக்கம் முழுக்க வடிந்ததும் மறுதேர்வு. பாஸானாள். பிரமாதம் என்று சொல்ல முடியாது. நடுவில் ஒரு இடம்.

"அண்ணி, இது நல்லாருக்கே! எந்தக் கடை?" என்று நெட்டை குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"ஞாபகம் இல்ல" என்றாள் கட்டை.

அந்த வருஷக் கடைசியில் கம்பெனிகளுக்கு இடையே துப்பாக்கிப் போட்டி வந்தது. சுடுவதற்கு நெட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். மாற்று ஆளாகக் கட்டையும் போனாள். பெஞ்சில் உட்கார்ந்து, 'ஒண்ணாவது தவறணும் கடவுளே, ஒண்ணே ஒண்ணு' என்று மனசார வேண்டிக்கொண்டாள். கடவுளுக்குக் காது கேட்டது. மண்டியிட்டு நெட்டை சுட்ட கடைசிக் குண்டு அட்டையை விட்டு எங்கேயோ போனது. முதலிடமும் போனது.

பக்கத்தில் இருந்த வேறு கம்பெனிக்காரி களுக்கென்று சிரித்தாள். "இந்த ஒட்டடைக்குச்சிக்கு இவ்வளவு பில்டப்பா?"

கட்டை எழுந்துவிட்டாள். "யாரைடி ஒட்டடைக்குச்சிங்கறே? அவ சுட்டதுல பாதி சுட்டுக் காட்டு, அப்புறம் பேசு!"

நடுவர் வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. சத்தம் கேட்டு ஓடிவந்த நெட்டை, அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். வழியெல்லாம் கட்டைக்கு மூச்சு வாங்கியது. வேண்டிக்கொண்டதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.